ஐந்து கிலோமீட்டர் ஓடியவர்

மூணாம் குழாயின் கழுத்தில் சாக்கை மாட்டி, வளையத்தை இறுக்கி, முழங்காலால் கம்பியைத் தள்ளினால் கல்மாவு இறங்கும். ஒரு சாக்கு நிரம்பப் பதினோரு விநாடி. நிரம்பும்போது சாக்கு உப்பி, நெய்தல் இடுக்குகளில் எல்லாம் வெள்ளையாகப் புகைவிடும். அந்தப் பதினோரு விநாடியும் மூச்சை அடக்கிக்கொண்டு, சாக்கைக் கழற்றித் தையல் மெஷின் பக்கம் தள்ளும் நேரத்தில் முகத்தைத் திருப்பி ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டும். இதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே எல்லோருக்கும் வந்துவிடும்.

மூணாங்குழாய்க்காரர் இதைப் பதினேழு வருஷம் செய்திருந்தார். அந்த வருஷம்தான் பதினோரு விநாடி தாக்குப்பிடிக்க முடியாமல் போனது. ஏழாவது விநாடியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

தையல் மெஷினில் இருந்த மச்சான் அதைப் பார்த்துவிட்டான். அவர் மனைவியின் தம்பி. ஓயாமல் பேசுவதால் ஆலையில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். முகத்தில் துணி கட்டியிருந்தாலும் பேச்சு நிற்காது.

"மாமா, நடுவுல வாயத் தொறக்கிறீங்க."

"கொட்டாவிடா."

"மணிக்கு நாப்பது கொட்டாவியா? அக்கா வீட்ல தூங்க விடறதில்லயா?"

"நூல் அந்துருச்சு பாரு. அதக் கவனி."

இலவச மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா அவருடைய எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். நுரையீரல் முழுக்க அரிசியை விசிறிவிட்டது போல் புள்ளிகள். "மருந்தெல்லாம் அப்புறம். முதல்ல தூசியில இருந்து வெளிய வாங்க" என்றார். சீட்டிலும் அதையே எழுதினார்.

ஆலையில் தூசி இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. வாசல் பக்கத்து எடைமேடை அறை. நான்கு பக்கமும் கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு மேசை. லாரி வந்து ஏறினால் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். அங்கே இருந்தவர் வருஷக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி தனக்குக் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று மூணாங்குழாய்க்காரர் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் ஓட்டல் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள்.

"கேட்டீங்களா?"

"கேக்கணும்."

"எப்போ?"

"கேக்கணும்னு இருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரிடமும் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. பெரிய ஆள் எதிரில் வந்தால் அவர் கைகள் தாமாக மார்பின்மேல் கட்டிக்கொள்ளும். குரல் தொண்டைக்கும் கீழே எங்கோ போய்விடும்.

அந்த மாதத்தில்தான் நல அலுவலர் ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களை முற்றத்தில் நிறுத்தினார்கள். பயிற்சியாளர் பச்சை நிறத்தில் புத்தம்புதுக் காலணி போட்டிருந்தார். கீழே மாவு கிடந்ததால் சாக்கு அடுக்கும் மரப்பலகையைப் போட்டு, அதன்மேல் ஒரு துணியை விரித்து, அவரை ஏறி நிற்கச் சொன்னார்கள். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. அன்றைக்கே பெயர் அமைந்துவிட்டது.

"ஓட ஆரம்பிச்சா உடம்பு மட்டும் மாறாது" என்றார் விசில். "மனசு மாறும். தன்னம்பிக்கை வளரும். தன்னம்பிக்கை வளர்ந்தா மனுஷன் வளருவான்."

"நான் இதுக்கு மேல வளர்ந்தா குழாய்ல தலை இடிக்குமே சார்" என்றான் ரேடியோ.

சிரிப்பு எழுந்தது. விசிலும் சிரித்தார். சிரிக்கும்போது ஒரு காலைத் தூக்கிக் காலணியின் அடியைப் பார்த்துக்கொண்டார்.

"உங்கள்ல நிறைய பேருக்கு முடியாதுங்கற எண்ணம் இருக்கு. வலி, சோர்வு, மூச்சு வாங்கறது, இதெல்லாம் எங்க இருக்கு? இங்க." நெற்றியைத் தட்டினார். "இங்கதான் இருக்கு. 'முடியல'ங்கற வார்த்தைய இன்னைக்கே தூக்கிப் போட்டுடுங்க."

நல அலுவலர் ஞாயிறுதோறும் ஆலைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஓட்டம் நடக்கும் என்றும், வருகிறவர்களின் பெயர் மேனேஜர் மேசைக்குப் போகும் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் மூணாங்குழாய்க்காரர் போனார்.

"ஆறு நாள் நிக்கிறது பத்தல, ஏழாம் நாள் ஓடணுமா?" என்றாள் அவள். "காலுக்குக் கொழுப்பா, தலைக்குக் கொழுப்பா?"

"பேரு மேல போகும்ல."

"பேரு போகும். திரும்பி வர்றது யாரு?"

முதல் ஞாயிறு மைதானத்தின் மூன்றாவது விளக்குக் கம்பம்வரை ஓடி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் வந்தது. விசில் பக்கத்தில் வந்து, "உங்க மனசுதான் சார் உங்களை நிறுத்துது" என்றார். பதினேழு வருஷத்தில் ஆலைக்குள் அவரை யாரும் சார் என்றதில்லை. அடுத்த ஞாயிறும் போனார்.

நான்காம் வாரத்தில் ஐந்து கம்பம். ஏழாம் வாரத்தில், நடையும் ஓட்டமுமாக, ஒரு முழுச் சுற்று. வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் ஒரு விஷயம் சொன்னார்.

"அங்க மூச்ச அடக்க வேண்டியதில்ல, தெரியுமா. இஷ்டத்துக்கு விடலாம். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

"இதச் சொல்ல ஒரு ஆள் விசில் ஊதணுமாக்கும்" என்றாள் அவள். ஆனால் அடுத்த வாரம் சலவைக்கூடத்துக்குப் போகும்போது, ஆலையில் கொடுத்த ஓட்டச் சட்டையைப் பைக்குள் மடித்து எடுத்துப்போய், ஓட்டல் விரிப்புகளுக்கு நடுவே அதையும் ஒரு தடவை அழுத்திக் கொண்டுவந்தாள்.

மாற்றம் வந்தது உண்மைதான். அதை அவள் பிறகு யாரிடமும் மறுத்ததில்லை. நடக்கும்போது தோள் விரிந்தது. கடையில் சில்லறை குறைந்தால் திரும்பிப் போய்க் கேட்டார். பேருந்தில் காலை மிதித்தவனிடம் "பாத்து நில்லு தம்பி" என்றார். பெரிய ஆள் முன்னால் கையைக் கட்டாமல் நிற்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். அது கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. கடைசி மாதங்களில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும், வருகிற டாக்டர்களை எல்லாம் "இப்ப என்ன ஊசி போடறீங்க, எதுக்கு" என்று கேட்டபிறகுதான் கையை நீட்டினார்.

எட்டாம் வாரம் திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் நல அலுவலரின் அறைக்கதவைத் தட்டி உள்ளே போனார்.

"எனக்கு எடைமேடைக்கு மாத்தல் வேணும் சார்."

நல அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். "யார் சொல்லி வந்தீங்க?"

"நானேதான் வந்தேன்."

"பாத்தீங்களா" என்றார் நல அலுவலர் எதிரில் உட்கார்ந்திருந்த விசிலிடம், ரொம்பவும் மகிழ்ந்து. "இதுதான் நீங்க சொன்ன வளர்ச்சி." பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். இலகு வேலைக்கு மருத்துவக் குழுவின் ஒப்புதல் வேண்டும். படிவத்தோடு தேவையான சான்றுகளை இணைக்க வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூடும்.

கதையை ரேடியோ அன்றைக்கு ஆலை முழுக்க ஒலிபரப்பினான். "'வேணும்'னாராம்யா எங்க மாமா. 'தருவீங்களா'ன்னு கேக்கல. 'வேணும்'."

படிவத்தை அவள் நிரப்பினாள். பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். நிரப்பியதை இரண்டு தடவை அவருக்குப் படித்துக் காட்டினாள்.

குழு கூடுவதற்குப் பத்து நாள் முன்னால் ஆலை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தியது. காற்றடைத்த ஒரு பெரிய வளைவைச் சாலையில் நிறுத்தி, ஒலிபெருக்கி வைத்து, எல்லோருக்கும் மார்பில் எண் குத்தினார்கள். விசில் ஊதியதும் முன்வரிசையில் நின்ற ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பாய்ந்து, வளைவின் கயிறு தடுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைக் காரில் ஏற்றினார்கள். மற்றவர்கள் ஓடினார்கள்.

அவளும் ரேடியோவும் ஓரமாக நடந்தே கூட வந்தார்கள். அவர் நின்ற இடங்களை அவள் எண்ணினாள். பதினோரு இடம். ஒரு மதிற்சுவர், ஒரு சைக்கிள் கடை, குழாயடி, பூட்டிய ஒரு பள்ளிக்கூடத்தின் கதவு. சைக்கிள் கடை முன்னால் குனிந்து துப்பியபோது எச்சிலில் வெள்ளையும் கொஞ்சம் சிவப்பும் இருந்தது. அவர் அதைக் காலால் மண் தள்ளி மூடினார்.

"போதும், வந்துடுங்க" என்றாள்.

"இன்னும் கொஞ்சந்தான்."

"யாருக்குக் காட்ட?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். மறுபடி ஓடினார். அதை ஓட்டம் என்று சொன்னால் சொல்லலாம். கூட நடந்து வந்த அவளே அவரைத் தாண்டாமலிருக்க நடையைத் தளர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரமும் பதினான்கு நிமிஷமும் ஆனது. அவர் போய்ச் சேர்ந்தபோது வளைவிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சுருட்டுவதை நிறுத்தாமலே ஒருவன், "அந்த அட்டைப்பெட்டில இருக்கு, எடுத்துக்கங்க" என்றான். பெட்டியில் பெயர் எழுதிய சான்றிதழ்கள். அவருடையது வழவழப்பான தாளில், ஓரமெல்லாம் தங்கக் கோட்டோடு இருந்தது. 'ஐந்து கிலோமீட்டர் தூரத்தை வெற்றிகரமாக ஓடி முடித்தார்' என்று அச்சிட்டு, ஆலையின் முத்திரையும் இரண்டு கையெழுத்தும் போட்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எழுத அதில் இடம் இல்லை. கணுக்கால் பிசகிய மேற்பார்வையாளருக்கும் அதே போல ஒன்று பெட்டியில் கிடந்தது.

குழுவுக்கு முந்தின நாள் அவள் கோப்பை அடுக்கினாள். படிவம், வேலை செய்த காலத்துக்கான கடிதம், டாக்டரம்மாவின் சீட்டு, எக்ஸ்ரே, அதன் அறிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சான்றிதழை வைத்தாள்.

"இது எதுக்குக்கா?" என்றான் ரேடியோ. "ஒடம்பு முடியலன்னு போறோம்."

"ஒடம்பு முடியலன்னுதான் எல்லாரும் போவாங்க. வேலைக்குச் சோம்பல் பட்டு நாற்காலி கேக்கறான்னு நெனச்சிடக் கூடாதுல்ல. முயற்சி பண்ற ஆளுன்னு தெரியட்டும். முத்திரை வேற இருக்கு."

ரேடியோ அதை வாங்கித் தடவிப் பார்த்தான். அவர்கள் மூன்று பேரிடமும் அதுவரை தங்கக் கோடு போட்ட தாள் எதுவும் இருந்ததில்லை. "இருந்துட்டுப் போகட்டும்" என்று திருப்பி வைத்தான்.

மருத்துவக் குழுவின் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் விரல் போனவர், முதுகு போனவர், கண்ணில் பஞ்சு ஒட்டியவர். காலை எட்டு மணிக்கு வந்து, அவர்கள் முறை வரப் பன்னிரண்டு ஆனது. அவர் இஸ்திரி போட்ட ஓட்டச் சட்டையில் இருந்தார். அவரிடம் இருந்த நல்ல சட்டை அதுதான்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் கோப்பைத் திறந்தார். திறந்ததும் சான்றிதழ். அதை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் மூன்றாமவரிடம் காட்டினார். எக்ஸ்ரே உறையை யாரும் இன்னும் தொடவில்லை.

"அஞ்சு கிலோமீட்டர் ஓடினீங்களா?"

"ஆமா சார்." கை கட்டாமல், நேராக நின்று சொன்னார்.

"எப்போ?"

"பத்து நாள் முன்னாடி சார்."

"முழுசா முடிச்சீங்களா?"

"முடிச்சேன் சார்."

"நடுவுல ஏதாவது கஷ்டமா இருந்துச்சா? மூச்சு வாங்கிச்சா?"

அவர் ஒரு நொடி யோசித்தார். முடியல என்ற வார்த்தையை வாரக்கணக்கில் ஒவ்வொரு ஞாயிறும் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தவர். "சமாளிச்சுட்டேன் சார்" என்றார்.

"பதினோரு இடத்துல நின்னாருங்க" என்றாள் அவள் கதவோரம் இருந்து. "சைக்கிள் கடைகிட்ட ரத்தம்..."

"உங்களக் கேக்கலம்மா."

நடு டாக்டர் தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார். "நான் மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குது. அப்ப நான்தான் இலகு வேலை கேக்கணும், இல்லயா?" மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் எழுந்து மேசைக்கு மேலாகக் கை நீட்டினார். மூணாங்குழாய்க்காரர் அந்தக் கையைக் குலுக்கினார். எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்த மூன்றாம் டாக்டர், "பழைய புள்ளிகள் மாதிரி இருக்கு" என்று சொல்லி உறையில் போட்டார். வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு ஏழு.

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள்.

"நின்னேன்னு ஏன் சொல்லல நீங்க?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன்." ஓட்டச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ்வளவு பெரிய டாக்டர். 'அஞ்சு கிலோமீட்டரா'ன்னு என்னப் பாத்துக் கேக்கறாரு. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"மேல வெச்சது நான்தான்."

"நல்லதுக்குத்தான் வெச்ச."

"நல்லதுக்கு" என்றாள் அவள். பேருந்து வந்து, நின்று, போய்விட்டது. இருவரும் ஏறவில்லை.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. 'முழு உடல் தகுதி உள்ளவர். தற்போதைய பணியில் தொடரலாம்.' அதே குழு, அதே நாளில், ஷிஃப்ட் மேற்பார்வையாளருக்குக் கணுக்கால் பிசகியதற்காக ஆறு மாதம் உட்கார்ந்த வேலை கொடுத்திருந்தது. வருஷக் கடைசியில் மேற்பார்வையாளர்தான் எடைமேடை அறைக்குப் போனார். ஆறு மாதம் முடிந்தும் யாரும் அவரை எழுப்பவில்லை.

"அந்தாளு கீழ விழுந்து ஜெயிச்சான். நீங்க ஓடித் தோத்தீங்க" என்றான் ரேடியோ. அதன் பிறகு அன்று முழுக்க அவன் பேசவில்லை.

புது வருஷத்தில் நல அலுவலர் ஒரு படம் எடுக்க ஏற்பாடு செய்தார். ஓட்டத்தால் தொழிலாளர்கள் எப்படி முன்னேறினார்கள் என்று ஐந்து நிமிஷப் படம். மூணாங்குழாய்க்காரரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேலை இடத்திலேயே எடுத்தால் இயல்பாக இருக்கும் என்றார் விசில்.

கேமராக்காரர் மூட்டைப் பகுதியின் வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்தார். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"இதுக்குள்ள வெச்சு எடுக்க முடியாது சார். இந்தத் தூள் லென்ஸுக்குள்ள போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. விலை தெரியும்ல."

நல அலுவலருக்கு விலை தெரிந்திருந்தது. அரவையை நிறுத்தச் சொன்னார். மூன்று குழாய்களும் ஓய்ந்தன. இரண்டு பெண்கள் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தார்கள். சாக்கு அடுக்குகளை ஈரத்துணியால் மூடினார்கள். மேலே ஜன்னல்களை நீளக் கம்பால் தள்ளித் திறந்தார்கள். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். காற்று தெளிந்து, எதிர்ச்சுவர் நீல நிறம் என்பது தெரிந்தது. ரேடியோ முகத்துணியைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தான். கேமராக்காரர் விரலால் காற்றைத் தடவுவது போல் செய்து பார்த்துவிட்டு, "இப்ப எடுக்கலாம்" என்றார்.

மூணாங்குழாய்க்காரருக்கு முகம் கழுவிவிட்டு, ஓட்டச் சட்டையைப் போடச் சொல்லி, குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"நான் முன்னெல்லாம் யார்கிட்டயும் பேச மாட்டேன்" என்று ஆரம்பித்தார். "ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரு தைரியம்..." அங்கே மூச்சு நின்றது. மறுபடி தொடங்கினார். "எனக்கு ஒரு..." உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கண்களில் நீர் முட்டியது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

ரேடியோ தையல் மெஷினிலிருந்து எழுந்தான். நல அலுவலர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"நிறுத்தாதீங்க" என்றார் விசில் மெதுவாகக் கேமராக்காரரிடம். "உணர்ச்சிவசப்படறார். இத வெட்டிடாதீங்க, இதான் படத்துலயே நல்லா இருக்கப் போவுது."

அவர் நிமிரும்வரை எடுத்தார்கள். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். கேமராக்காரர் லென்ஸுக்கு மூடி போட்டு, கேமராவை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, அதன்மேல் இன்னொரு உறையை மாட்டி, வாயை ரப்பர் பட்டையால் இரண்டு சுற்றுச் சுற்றினார். அதைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இறுதிவரை இழுத்தார். நன்றாக மூடிவிட்டதா என்று நல அலுவலர் குனிந்து பார்த்தார்.

"மூடியாச்சு சார்."

நல அலுவலர் அரவைக்காரனுக்குத் தலையசைத்தார். மூணாங்குழாய்க்காரர் குழாயின் கழுத்தில் சாக்கை மாட்டினார்.